இரண்டு வருடத்துக்குள் அழைத்துக்கொள்வேன்

தொண்ணூற்று நாலில் அல் கோபாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். நிக்காஹுக்கு முன் பெண்வீட்டார் ஒரு ஒப்பந்தம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்துக்குள் மனைவியை நான் சவூதிக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். தவறினால் விலகிக்கொள்ளும் உரிமை அவளுக்கு உண்டு. கேட்டதே பெண்தானாம். சேருமுன்பே பிரிவைப் பேசுகிறாளே என்று மனம் சுருங்கியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். நிக்காஹ் முடிந்ததும் அல் கோபாருக்கே திரும்பினேன்.

என் விசாவில் தொழில் 'கூலி' என்றிருந்தது. அதை மாற்றினால்தான் குடும்ப விசா. விசா கொடுத்த அரபு முதலாளியான கஃபீலிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனேன். ஒவ்வொரு முறையும் நாளைக்கு என்பார். இரண்டு வருடம் முடிந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு போன் செய்தேன்.

"கெடு முடிஞ்சிருச்சு. என்ன செய்யப்போறே?"

"எங்கூடப் பொறந்த லாத்தாவ மச்சான் பதினோரு வருசம் 'இந்தா கூப்புடுறேன்'னு சொல்லியே உக்கார வச்சிட்டாங்க. அதான் எழுதி வாங்குனேன். விலகிப் போறதுக்கு வழி இருக்குன்னு தெரியிறதுனாலதான் நிம்மதியா இருக்கேன். அடுத்த வருசம்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க."

விசா கிடைக்காது என்று அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். அவள் அழவில்லை. "அப்ப நீங்க வந்துருங்க" என்றாள்.

எட்டு மாதத்தில் வேலையை விட்டு ஊர் போய்ச் சேர்ந்தேன். முதல் ஒரு வாரம் தூங்கிக்கொண்டே இருந்தேன். அவள் எழுப்பவில்லை.