இறங்க மறுத்த கவளம்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்தே மாடி வீடு கட்டியவர் மெக்கானிக். பள்ளிக்கூடத்து வாசலில் மழைக்குக்கூட ஒதுங்காதவர். ஆனால் எஞ்சின் இருமினால் அதற்கு என்ன நோவு என்று தெருமுனையிலேயே சொல்லிவிடுவார். சந்தேகம் உள்ளவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து பார்க்கட்டும்! அப்படிப்பட்டவருக்குத் தன் நெஞ்சுக்குள் என்ன கோளாறு என்று மட்டும் பிடிபடவில்லை.

முதலில் கவளம் நெஞ்செலும்புக்குப் பின்னால் நின்று எரித்தது. பிறகு தண்ணீரும் எரித்தது. இன்று காலை எச்சிலை விழுங்கவே கண் கலங்கியது. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. புற்று என்று தெரிந்தபோது ஆள் பாதியாகியிருந்தார். அந்தப் பயத்தில் மெக்கானிக் தன் மனைவியிடம் மூச்சு விடவில்லை. தட்டிலிருந்ததைப் பட்டறை நாய்க்குப் போட்டுவிட்டுப் பொய் ஏப்பம் விட்டார்.

"நாய் கொழுத்துக்கிட்டே போகுது, நீங்க இளைச்சுக்கிட்டே போறீங்க. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள் மனைவி.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.

"உணவுக்குழாய் நடுவுல ஆழமா புண்ணு இருக்கு, ஐயா. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கேன்" என்றார் டாக்டரம்மா.

மனைவியின் கை அவர் சட்டையை இறுகப் பற்றியது.

"சுத்தி வளைக்காதீங்கம்மா. எங்க அண்ணனுக்கு வந்த புத்துதானே?" என்றார் மெக்கானிக்.

"பாத்தா அப்படித் தெரியல. ஆனா முடிவு வரணும். என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"எலும்பு தேஞ்சிருக்குன்னு வாரத்துக்கு ஒண்ணு."

"எப்படிச் சாப்பிடுவீங்க?"

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணியெல்லாம் பச்சப்புள்ளைங்களுக்கு. நான் அப்படியே முழுங்கிட்டு வண்டிக்கு அடியில படுத்துடுவேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "டம்ளர் நிறைய தண்ணி குடிச்சுட்டு, அரை மணி நேரமாவது படுக்காம இருக்கணும்னு சொல்லலையா?"

"சொன்னாங்க. இவரு காதுக்குள்ளதான் எப்பவும் எஞ்சின் ஓடுதே!" என்றாள் மனைவி.

"வயசானா எச்சில் குறையும், உணவுக்குழாய் தள்ளுறதும் மெதுவாகும். நீங்க படுத்ததும் மாத்திரை அங்கேயே ஒட்டிக்கிட்டு அரிச்சிருக்கும். இனிமே அதைத் தொடாதீங்க."

முடிவு வரும்வரை அவர் ஒரு லாரியையும் தொடவில்லை. போன் அடித்தபோதெல்லாம் மனைவிதான் எடுத்தாள். ஒரு பிற்பகலில், கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவருக்கு உயிரே போய்விட்டது.

"புத்து இல்லையாம். வெறும் புண்ணுதானாம்."

ஆறிய கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வந்தாள். ஒரு வாய் குடித்தார். நெஞ்சில் லேசாக எரித்தது, ஆனால் உள்ளே இறங்கியது.

"மெதுவாங்க!"

"நீ இன்னொரு கரண்டி ஊத்து" என்று கிண்ணத்தை நீட்டினார். வாசலில் வந்து நின்ற பட்டறை நாயை அவர் திரும்பியும் பார்க்கவில்லை.