ஏழு சைக்கிளும் ஒரு வேனும்

ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், ஞாயிறு காலைகளில் செம்பரம்பாக்கம் வரை சைக்கிள் ஓட்டிவிட்டு வரும் ஏழு பேர் நாங்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். தொப்பையைக் குறைக்கத்தான் ஆரம்பித்தோம். ஓட்டி முடித்ததும் தண்டலத்தில் பூரி சாப்பிட உட்கார்ந்துவிடுவதால் அது குறையவே இல்லை.

மதுரை வரை போகலாம் என்ற பேச்சு அந்தப் பூரிக்கடையில்தான் வந்தது. கை, கால் இழந்த பிள்ளைகளுக்குச் செயற்கை உறுப்பு பொருத்திக் கொடுக்கும் அமைப்பு ஒன்று மதுரையில் இருந்தது. எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் பெண்ணுக்கும் அவர்கள்தான் கால் கொடுத்திருந்தார்கள். அவளுக்கு இருபத்திரண்டு வயது. முன்பு மெஷின் பக்கம் என் லைனில் வேலை செய்தவள். ஒரு விடியற்காலையில் ஷிஃப்ட் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றிருந்தபோது லாரி மோதி, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

நாங்கள் சைக்கிளில் போவதைச் சொல்லி அந்த அமைப்புக்கு நன்கொடை திரட்டுவது என்று முடிவானது. பேனரில் அவள் படத்தைப் போட்டால் நாலு பேர் கொடுப்பார்கள் என்று எங்களில் ஒருவர் சொன்னார். அவளிடம் கேட்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்டோர்ஸில் போல்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தவள் எண்ணி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“போட்டோ வேணாண்ணா. அய்யோ பாவம்னு சொல்றதுக்கு எங்க ஊர்லயே நெறைய பேர் கீறாங்க. உங்ககூட வேன் வருதில்ல, அதுல நான் வரேன். எதுனா வேல குடுங்க.”

வேனை ஓட்டப் போவது என் மனைவி. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். காலாண்டு விடுமுறையாதலால் அந்த வேனையே கேட்டு வாங்கியிருந்தோம். கூட ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள் என்றதும் அந்தப் பெண்ணின் அம்மாவும் சம்மதித்துவிட்டார்.

கிளம்பிய அன்று மதுராந்தகம் போய்ச் சேர்வதற்குள்ளேயே எங்கள் ஏழு பேருக்கும் அவள்தான் சூப்பர்வைசர் என்று ஆகிவிட்டது. வேனை முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, உப்புப் போட்ட மோரோடு நிழலில் நிற்பாள். டம்ளரைக் காலி செய்யாமல் யாரும் நகர முடியாது. அதற்குள் அவளும் என் மனைவியும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிட்டிருந்தார்கள். வேன் என்னைக் கடந்து போகும்போதெல்லாம் உள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். என்னைப் பற்றித்தான் என்பது எனக்குத் தெரியும்.

டீக்கடைகளில் நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கழற்றி வைத்துவிட்டு வியர்வையைத் துடைப்பாள். முதல் நாள் நாங்கள் ஏழு பேரும் வேறெங்கோ பார்த்தோம். இரண்டாம் நாள் அவள் அந்தக் காலை என் கையில் கொடுத்து, செத்த நேரம் வெயிலில் காட்டச் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் வேறெங்கும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் எனக்கு வலது முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. யாருக்காக மிதிக்கிறோமோ அந்தப் பெண் எதிரிலேயே முட்டி வலிக்கிறது என்று எப்படிச் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். மற்ற ஆறு பேரும் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். எதிரே வேன் நின்றது.

“ஏறுங்கண்ணா.”

சமாளித்துக்கொள்வேன் என்றேன்.

“கால் மாட்டுன புதுசுல எனக்கும் கடிச்சிது. நான் நடக்கறதப் பாத்து எங்கம்மா அவ்ளோ சந்தோசமா இருந்துச்சு. அதான் சொல்லல. ரெண்டு வாரம் மறைச்சேன். புண்ணாயிடுச்சு. அப்பறம் ரெண்டு மாசம் கால மாட்டாம கட்டையப் புடிச்சிகினுதான் நடந்தேன். வலிய மறைச்சா ஒருத்தருக்கும் லாபமில்லண்ணா. ஏறுங்க.”

ஏறினேன். அவளே சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்தாள். என் மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வண்டி கிளம்பியதும் எனக்குக் கண் கலங்கியது. இருவரும் ரோட்டைப் பார்த்தபடி வந்தார்கள்.

அன்று சாயங்காலம் பெரம்பலூரில், லாட்ஜ் வாசலில் அந்தப் பெண் என்னைச் சைக்கிள்மீது உட்கார வைத்தாள். மனைவி ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, நான் பெடலைச் சுற்றினேன். அவள் தரையில் உட்கார்ந்து என் முட்டியையே பார்த்தாள். சீட் தாழ்வாக இருப்பதால் முட்டி அதிகமாக மடங்குகிறது என்றாள். அவளுக்குக் கால் செய்தவர் பத்துத் தடவை நடக்கவைத்துப் பார்த்து, நூலளவு ஏற்றி இறக்குவாராம். கொஞ்சம் தப்பினாலும் இடுப்பு வரை வலிக்குமாம். அவள் சொன்னபடி சீட்டை இரண்டு விரல் உயர்த்தினோம். இத்தனை வருஷமாக மெஷின்களுக்கு அளவு பார்த்துச் சரிசெய்கிறவன் நான். என் சைக்கிளைப் பார்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் அவள் உத்தரவுப்படி பாதித் தூரம்தான் ஓட்டினேன். ஐந்தாம் நாள் முழுவதும் மிதித்து, மற்றவர்களோடு சேர்ந்தே மதுரைக்குள் நுழைந்தேன்.

அந்த அமைப்பின் கூடத்தில் எங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வியர்வையில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டது. கூடத்தின் மூலையில் எட்டு ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்று, அன்றுதான் மாட்டிய புதுக் காலோடு எழுந்திருக்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது. அதன் அப்பா கெஞ்சிக்கொண்டிருந்தார். எங்கள் பெண் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடக்கச் சொல்லவில்லை. தன் காலைக் கழற்றி அதன் மடியில் வைத்தாள். குழந்தை அதைத் தட்டிப் பார்த்தது, தூக்கிப் பார்த்தது, செருப்பைக் கழற்றி மாட்டியது. இருவரும் ஏதோ பேசினார்கள். எங்களுக்குக் கேட்கவில்லை.

அன்று அந்தக் குழந்தை நடக்கவில்லை. ஆனால் நாங்கள் கிளம்பும் நேரத்தில் இவள் காலைத் திருப்பித் தர மாட்டேன் என்று இறுக்கிக் கட்டிக்கொண்டது. யார் கேட்டும் தரவில்லை. எங்களுக்கு ஒரு மணி நேரம் தாமதமானது. அவ்வளவு நேரமும் அவள் ஒற்றைக் காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, என் மனைவி வாங்கி வந்த முறுக்கை அந்தக் குழந்தையோடு பங்கு போட்டுத் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.