உத்திராபதி மாமாவின் தோணியில் இரண்டு நாய்கள்

என் அக்கா கொளஞ்சியம்மாளின் வீட்டுக்காரர் உத்திராபதி. பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் வெள்ளாற்றில் நண்டு வலை போடுபவர். துடுப்புத் தோணிதான், இன்ஜின் சத்தம் அவருக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமையானால் செம்மண்டலத்திலிருந்து நான் பஸ் பிடித்துப் போவது நண்டுக்காகத்தான் என்று அக்கா கேலி செய்வாள். பொய்யில்லை.

தோணியின் முன்பலகை ஜூலியின் இடம். செவலை நிறப் பெட்டை நாய். கொக்கைக் கண்டால் ஆறு என்றும் பார்க்காமல் பாய்ந்துவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று மாமா அதன் கழுத்துக் கயிற்றைப் பலகையோடு இறுக்கிக் கட்டி வைப்பார்.

2006 ஐப்பசியில், மழைத் தண்ணீர் புரண்டு வந்த ஒரு காலையில், முகத்துவாரத் திருப்பத்தில் ஓர் இன்ஜின் படகு கிளப்பிய அலையில் தோணி கவிழ்ந்தது. மாமா மேலே வந்துவிட்டார். ஜூலி கவிழ்ந்த தோணிக்கு அடியில், கயிற்றோடு. மூன்று தடவை முங்கினார். நனைந்து இறுகிய முடிச்சு அவர் விரலுக்கு அசைந்து கொடுக்கவில்லை.

சுனாமி ஆட்களையே வாரிக்கொண்டு போய் இரண்டு வருடம்கூட ஆகாத ஊர். அங்கே நாய்க்காக எப்படி அழுவது? அவர் அழவில்லை. ஆனால் தோணியில் ஏறும்போதெல்லாம் ஒரு நொடி நின்று, முன்பலகை அமுங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் துடுப்பை எடுப்பார். அங்கே கூடையை வைக்க விடமாட்டார். பலகையில் நகம் பிராண்டும் சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, ஆனாலும் அதில் கால் வைக்க நானும் பயந்தேன்.

பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி.

“மச்சான், அவுத்து உட்டிருந்தா பொழச்சிருப்பாளா?”

“இழுப்பு அவ்ளோ ஜாஸ்தி. எந்த நாய் மாமா பொழைக்கும்? யானையே போயிருக்கும்.”

நீச்சலே தெரியாத நான் சொன்ன தீர்ப்பு இது. ஆறுதலுக்காகக்கூடச் சொல்லவில்லை, கேட்டுக் கேட்டு உயிரை எடுக்கிறாரே என்ற எரிச்சலில் சொன்னேன். அவர் நம்பினார். நம்பித்தான் நாலு வருடம் தூங்கினார்.

2010இல் ஒரு கறுப்பு நாய் கரையோரமாகவே தோணியோடு ஓடிவர ஆரம்பித்தது. விரட்டியும் போகவில்லை. ஒருநாள் நீந்தி வந்து தோணியைப் பிராண்டியது. மாமா அதை உள்ளே தூக்கிப் போட்டுக்கொண்டார். பெயர் வைக்கவில்லை.

“இதுவாவது பத்திரமா வரட்டும்” என்று அக்கா, வலை மிதவைகளைப் பழைய ஜீன்ஸ் துணியில் வைத்துச் சட்டை மாதிரி தைத்தாள். முதுகில் தூக்குவதற்கு ஒரு கைப்பிடி, வயிற்றுக்கு அடியில் மாட்ட இரண்டு பட்டை. கயிறு என்ற பேச்சே கிடையாது. முழங்கால் தண்ணீரில் ஒரு மாதம் பழக்கினார்கள். கால் வழுக்காமலிருக்க ஈரச் சாக்கு. உப்புத் தண்ணீரைக் குடித்துவிடாமலிருக்க பாட்டிலில் நல்ல தண்ணீர். நாய் உட்கார்ந்த பிறகுதான் தோணி நகரும். அந்த வீட்டில் எனக்கே இத்தனை உபசாரம் நடந்ததில்லை.

அந்த ஐப்பசியில் ஒருநாள் நானும் ஏறினேன்.

“வயித்துக்கு அடியில ரெண்டு பட்டையயும் மாட்டு மச்சான்” என்றார்.

நாய் நெளிந்தது. நான் ஒன்றை மட்டும் மாட்டிவிட்டு, “ஆச்சு மாமா” என்றேன்.

அதே திருப்பம், அதே செம்மண் தண்ணீர். கொக்கு ஒன்று எழும்பியது, நாய் பாய்ந்தது. சட்டை உருவிக்கொண்டு தனியாகக் கடல் பக்கம் மிதந்து போனது. மாமா “ஜூலி!” என்று கத்தினார்.

கறுப்புத் தலை முங்கியது; எழுந்தது. இழுப்போடு மல்லுக்கு நிற்காமல் அதன் போக்கிலேயே சாய்ந்து நீந்தி, கொஞ்சம் தள்ளி மணல்திட்டில் ஏறியது. உடம்பை உதறிவிட்டு எங்களைப் பார்த்துக் குரைத்தது.

திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. துடுப்பு மடியில் கிடக்க, முன்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொழச்சிருப்பா” என்றார்.

நான்தான் கோணல்மாணலாகத் துடுப்புப் போட்டுத் தோணியை மணல்திட்டுக்குக் கொண்டுபோனேன்.

அதற்குப் பிறகு மாமா என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன், பேசுகிறார், நண்டு தருகிறார். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டாரா என்று தவிக்கிறேன். கேட்க மாட்டார்.