தேசிக்காயும் வெயிலும்

எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பெண்பிள்ளை உள்ள தாய்மார் அறியவேண்டும்.

போன வருடம் என் மகள் தங்கத்தைப் பெண் பார்க்க அளவெட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாயிருந்தது. நாங்கள் புகையிலைத் தோட்டக்காரர். யுத்தத்தால் சவுக்காரம் கிடைக்கவில்லை. புகையிலைப் பிசின் போய் முகம் மினுங்கட்டும் என்று தேசிக்காயை, அதுதான் எலுமிச்சங்காயை, பிழிந்து அவளுடைய முகத்திலும் கையிலும் நானே தேய்த்தேன். கழுவாமலே மத்தியான வெயிலில் தோட்டத்துக்கு அனுப்பினேன்.

"எரியுதணை அம்மா."

"எரிஞ்சால்தானே ஊத்தை போகும்! வாற கிழமை அவையள் வந்து, உது பொம்பிளையோ புகையிலைச் செடியோ எண்டு கேக்கிறதோ?"

இரண்டாம் நாள் கொப்புளம். பிறகு சாறு வழிந்த இடமெல்லாம் கறுப்புக் கோடு. மாப்பிள்ளையின் தாய் பார்த்தவுடன், "தோல் வருத்தக்காரியை மறைச்சுத் தரப் பாத்தியளோ?" என்று எழும்பிப் போய்விட்டார். அது நோயல்ல, தேசிப்புளியோடு வெயில் பட்ட வினை என்று ஊரில் வைத்தியம் பார்க்கும் பரியாரியார் பிறகுதான் சொன்னார்.

கறுப்பு மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. இப்போது பயற்றமாதான் தேய்க்கிறோம். கையில் தேசிப்புளி பட்டால் கழுவிவிட்டே வெயிலில் இறங்குகிறோம். வேறு சம்பந்தம் பேசினால் மட்டும் தங்கம், "என்னைப் பாக்க ஒருத்தரும் வரவேண்டாம் அம்மா" என்கிறாள். அவளை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை.