எறிந்துவிட ஓர் ஆள்

அல்பிரட் அண்ணனைப் பற்றிக் கேட்டால் திருகோணமலையில் பாதிப் பேர், "ஆர், அந்தப் பிளேன் விசரனோ?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு மனிதன் குடிக்காமல், காசு வைத்துக் கடதாசி விளையாடாமல், ஊர் வம்புக்குப் போகாமல், தன் கையால் ஒரு சின்ன விமானம் செய்து பறக்கவிட்டால் அவன் விசரனாம். நல்ல நியாயம்!

என் பெயர் லாபிர். ரவுனுக்குள் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். அல்பிரட் அண்ணன் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இடத்தில் ஸ்டோர் கிளார்க். லிங்கநகரில் தனி வீடு. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் சீனன்குடா விமானத்தளத்தில் மாதிரி விமானம் விடுகிறவர்களின் சங்கம் ஒன்று இருந்ததாம். மொத்தம் ஆறு பேர். மூன்று வெள்ளைக்காரர்கள், இங்கேயே பிறந்த பறங்கியர் இரண்டு பேர், ஆறாவது இவர். ஐம்பத்தேழில் தளத்தைக் கையளித்துவிட்டு வெள்ளைக்காரர்கள் கப்பலேறினார்கள். போகும்போது ஒரு குட்டி எஞ்சினையும், தரையில் நின்று விமானத்தைத் திருப்பும் ரேடியோப் பெட்டியையும் இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பறங்கியர் இருவரும் கொஞ்சக் காலம் கூட நின்றார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராக அவுஸ்திரேலியாவுக்குப் போனார்கள். அறுபத்தேழுக்குப் பிறகு சங்கம் என்றால் அல்பிரட் அண்ணன் ஒருவர்தான்.

அந்தப் பெட்டி பழுதாகித்தான் அவர் என் கடைக்கு வந்தார். வால்வுகளைக் கழற்றிவிட்டு ட்ரான்ஸிஸ்டர் போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வருவார். பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. "ஒருக்காப் பாருங்கோ லாபிர்" என்று மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூலில் ஒரு மணித்தியாலம் இருப்பார். கதை முழுக்க விமானம்தான். வெளிநாட்டு மரம் இறக்குமதி இல்லாத அந்த நாட்களில், கிண்ணியா மீன்பிடிகாரர் வலை மிதப்புக்கு வெட்டும் முருக்கங்கட்டையை வாங்கிச் சீவிச் சிறகு செய்தார். மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய், ஈதர் மூன்றையும் சமமாகக் கலந்து எஞ்சினுக்கு ஊற்றினார். எனக்குச் சில நாள் கொட்டாவி வரும். மறைக்கமாட்டேன்.

போகும்போது மட்டும் ஒன்று கேட்பார்.

"நாளைக்கு விடியச் சாம்பல்தீவு வெளிக்கு வாறியளோ? எறிஞ்சு விட ஒராள் இருந்தாக் காணும்."

தரையில் ஓடி எழும்ப இந்த விமானத்துக்குச் சில்லு கிடையாது. ஒருவர் ஓடிப்போய் எறிய வேண்டும், மற்றவர் பெட்டியின் பொத்தானை அமத்த வேண்டும். சங்கத்தில் இருந்த வழக்கம் அது. இவரோ பெட்டியை வாரில் கழுத்தில் தொங்கவிட்டு, இடது கை பொத்தானில் இருக்க, வலது கையால் எறிந்துகொண்டு ஓடுவார், ஐம்பது வயதில். எழுபத்தொன்றில் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு பொலிசுக்கு எல்லாரிலும் சந்தேகம். ஏரியல் வைத்த பெட்டியோடு நிற்பவர் பக்கத்தில் யார் வந்து நிற்பார்கள்?

"இன்ஷா அல்லாஹ், வாறேன்" என்பேன். போகமாட்டேன். ஒன்றல்ல, இரண்டல்ல, ஆறு வருடம் இப்படிச் சொன்னேன்.

கடைசியில் என் மனைவி றஹ்மாதான் ஏசினாள். "அல்லாஹ்ட பேரைச் சொல்லிச் சொல்லி அந்த மனிசனை ஏமாத்துறீங்களே, வெக்கமா இல்லையா? போங்க ஒருநாளைக்கு!"

எழுபத்தாறு ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, "நாளைக்குக் கட்டாயம் வாறேன், ஆறு மணிக்கு நிப்பேன்" என்று சொன்னேன். அவர் பெட்டியை மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போய், பாதி வழியில் திரும்பி வந்து எடுத்துப் போனார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சுபஹு தொழுதுவிட்டு வந்து, சும்மா ஐந்து நிமிடம் என்று பாயில் சாய்ந்தேன். எழும்பும்போது வெயில் ஏறிவிட்டது. சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்ச் சேர எட்டரை. யா அல்லாஹ், அந்த மனிதர் ஐந்தரையிலிருந்து நின்றிருக்கிறார்! கடலோரப் பனை நிழலில் சாரத்தை விரித்து, அதன் மேல் விமானத்தை வைத்திருந்தார். பக்கத்தில் தேத்தண்ணிப் போத்தலும் இரண்டு கோப்பைகளும்.

அதற்குள் கச்சான் காற்று எழும்பிவிட்டது. ஆடி மாதத்துக் கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இந்த ஊர்ப் பிள்ளைகூட அந்த நேரத்தில் பட்டம் விடாது.

"காத்து வந்திட்டுதே அண்ணன். அடுத்த கிழமை பாப்பமா?"

"இல்லை, இண்டைக்கே. நீங்கள் வந்திட்டியள்."

வழமையாக இரண்டு நிமிடத்துக்குப் போதுமான எண்ணெய்தான் ஊற்றுவார். எண்ணெய் முடிந்தால்தான் எஞ்சின் நிற்கும், விமானம் மிதந்து இறங்கும். நிறுத்த வேறு வழி கிடையாது. அன்று தாங்கி நிறைய ஊற்றினார். வந்த விருந்தாளிக்கு அரைவயிற்றுக்கா சோறு போடுவது?

"கூட நேரம் பாக்கலாம்" என்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

கையில் விமானம் குளவியாய் இரைந்தது. ஓடினேன், எறிந்தேன். அடேயப்பா, என்ன ஏற்றம்! "பாருங்கோ, பாருங்கோ!" என்று அவர் கத்துகிறார், நானும் கத்துகிறேன். ஒரு வட்டம், இரண்டு வட்டம், மூன்று. ஒவ்வொரு வட்டத்திலும் அது கடற்பக்கம் கொஞ்சம் தள்ளிப்போனதை இருவருமே கவனிக்கவில்லை. கவனித்தபோது அது அலைக்கு மேலே நின்றது. திருப்பினார். மூக்கைத் திருப்பித்தான் பறந்தது, ஆனால் கச்சான் அதைப் பின்னுக்கே தள்ளியது. எஞ்சினில் இன்னும் எண்ணெய் இருந்தது. விமானம் ஒரு பொட்டாகி, பிறகு அதுவும் இல்லை.

அவர் பொத்தானை அமத்திக்கொண்டே இருந்தார்.

"லாபிர், இன்னும் அதுக்குக் கேக்குமோ?"

பெட்டியைத் திருத்தியவன் நான். எவ்வளவு தூரம் எட்டும் என்று எனக்குத் தெரியாதா? "ஓம் அண்ணன், கேக்கும்" என்றேன். அரை மணித்தியாலம் அமத்தினார். நானும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளில் அவர் கடைக்கு வரவில்லை. நான்காவது கிழமை பொறுக்க முடியாமல் லிங்கநகருக்குப் போனேன். மேசையில் கட்டையும் இல்லை, பசையும் இல்லை.

"இன்னொண்டு செய்வம் அண்ணன். பிளேனுக்குள்ள வைக்கிற ரிசீவர் நான் செய்து தாறேன், எஞ்சினுக்கும் ஒரு வழி பாப்பம்."

"வேண்டாம்."

"என்னில கோவமா?"

"சீச்சீ, கோவமில்லை" என்றார். "தனிய விடேக்க ஒண்டும் தெரியேல்ல, லாபிர். அண்டைக்கு நீங்கள் எறிஞ்சியள், ரெண்டு பேரும் நிண்டு கத்தினம். இனித் தனிய ஏலாது. நீங்கள் ஒவ்வொரு ஞாயிறும் வருவியளோ?"

வருவேன் என்று சொல்ல வாய் திறந்தேன். ஆறு வருடம் அவ்வளவு லேசாக வந்த பேச்சு அன்று வரவில்லை. கடை, பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை நித்திரை, எல்லாம் அவருக்கும் தெரியும்.

அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இருங்கோ, தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்று எழுந்து குசினிக்குள் போனார்.