மூன்று நாள் வாயு

கல்யாணத்துக்கு முன்பு இரண்டு வருடம் சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் ஒரு மருந்தைக் கலந்து கொதிக்கிற தண்ணீரில் வைப்பேன். குழாயில் இளஞ்சிவப்பு ஏறும். நாள்பட்ட எண்ணெய் காறுவதுபோல ரத்தத்தில் இருக்கும் கொழுப்பும் பிராணவாயுவால் கெடும். கெட்ட அளவுக்கு நிறம். என் கைக்கு வந்த அத்தனை குழாயிலும் 'ஆண்' என்றுதான் ஒட்டியிருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை. பெண்களுக்கு மாரடைப்பு வராது என்று யாரும் சொல்லவும் இல்லை, நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பிறகு கள்ளக்குறிச்சியில் சின்னதாக ஒரு லேப் வைத்தேன். வீடு வடக்கனந்தலில். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த ஒரு வாரம் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. லேபைப் பூட்டிவிட்டு வீட்டில் உட்கார்ந்து போராட்டக்காரர்களை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். கல்வராயன் மலையிலிருந்து எங்களுக்குச் சாமையும் தேனும் கொண்டுவரும் அம்மாவும் திரும்பிப் போக வழியில்லாமல் எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார்.

முதல் நாள் என் மனைவி தாடை வலிக்கிறது என்றாள். அடுத்த நாள் முதுகு. தண்ணீர்க் குடத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நின்றாள். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு இடுப்புக்கு மேலே எந்த வலி வந்தாலும் அதற்கு ஒரே பெயர், வாயு. நானும் பெரிய வைத்தியன் மாதிரி பூண்டு சுட்டுக் கொடுத்தேன், ஓமத் தண்ணீர் கொடுத்தேன், கோலி சோடா உடைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. இன்னொரு சோடாவை எடுத்தேன். மலைக்கார அம்மா அதை என் கையிலிருந்து பிடுங்கி ஓரமாக வைத்தார்.

"எங்க சின்னம்மாவுக்கும் இப்டித்தான் வேர்த்துது. வாயு வாயுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க, மறுநா இல்ல. ஆம்பளைக்கு வந்தா தூக்கிக்கினு ஓடறீங்க. பொம்பளைக்கு சோடா ஒடைக்கிறீங்களே, அண்ணே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரத்தம் பார்க்கிறவன் நானா இவரா? அந்தக் கோபத்தோடுதான் மனைவியின் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. அவ்வளவுதான், கோபம் போன இடம் தெரியவில்லை.

கயிற்றுக் கட்டிலோடு மாட்டு வண்டியில் ஏற்றிக் கிளம்பினோம். முதல் மரத்தருகே நான் திட்டித் தீர்த்த அதே ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் வந்து, "இன்னாச்சிங்க?" என்றார். என் வாய் பழக்கத்தில், "வாயுங்க" என்றது. சோடாவுக்கா வண்டி கட்டிக்கொண்டு வந்தாய் என்பதுபோல அவர் பார்த்தார். வண்டிக்குப் பின்னாலிருந்து மலைக்கார அம்மா கத்தினார்.

"வாயு இல்லப்பா. நெஞ்சு."

அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலைத் தோளில் வாங்கிக்கொண்டார்கள். ஒரு மரம் தாண்டினால் அடுத்த மரத்தடியில் வேறு ஆட்கள் தோள் கொடுத்தார்கள். முன்கூட்டியே ஆள் அனுப்பிச் சொல்லி, கடைசி மரத்துக்கு அப்பால் ஒரு டிராக்டரைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் பெயரையும் நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

கள்ளக்குறிச்சியில் ஈசிஜி எடுத்துப் பார்த்த டாக்டர் மாரடைப்புதான் என்றார். மாதவிலக்கு நிற்கும்வரை பெண்களுக்கு ஓரளவு காப்பு இருக்கும், அப்புறம் குறைந்துவிடும் என்றார். வலி நெஞ்சில்தான் வரவேண்டும் என்றும் இல்லையாம். இவளுக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

சில மாதம் கழித்துப் பழைய கூடத்திலிருந்து அந்த மருந்தைக் கொஞ்சம் வாங்கிவந்து என் லேபிலேயே அவள் ரத்தத்தைக் கொதிக்க வைத்தேன். குழாயில் 'பெண்' என்று எழுதி ஒட்டினேன். அந்தச் சோதனையில் என் கையால் அப்படி எழுதியது அதுதான் முதல் தடவை. ஒரே ஒரு குழாயை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆண்களின் குழாய்களைப் போலவே இதிலும் சிவப்பு ஏறியது.

அவள் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எதனால் இந்தக் கலர் என்று கேட்டாள். பிராணவாயு செய்கிற வேலை என்றேன்.

"அப்போ வாயுதாங்க. நீங்க சொன்னது சரிதான்" என்று சிரித்தாள்.

இப்படிச் சிரிக்க அவள் இருக்கிறாளே என்று நான் அழுதுவிட்டேன்.