சூளை நாய் குரைத்த சைக்கிள்

குழலைச் சுற்றி ஒட்டிய வெள்ளை நாடாவின் மேல் ஒரு பென்சில் கோடு. கோட்டில் ரம்பத்தின் பல்லை வைத்து, இடது கட்டைவிரலை அதற்கு அணையாகக் கொடுத்து, வலது கை நிதானமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அறுபடும் இடத்தில் ஈரத்துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. கார்பன் தூள் பறந்தால் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரும்பை அறுப்பதுபோல் அழுத்தவும் கூடாது. அழுத்தினால் நார் பிரியும். ரம்பத்தின் எடை போதும், கை வழி காட்டினால் சரி.

"நிறுத்துங்க, சுமெர்செ" என்றது வாசலில் ஒரு குரல். "இன்னும் முழுசா அறுபடலையே."

கை நிற்கவில்லை.

"டோன் எலியேசர், ஆட்டுக் கழுத்துல பாதிக் கத்தி இறங்கினப்புறம் யாராவது வந்து நிறுத்துன்னா நிறுத்துவீங்களா?"

"ஆட்டைத் திருப்பிக் குடுக்க முடியாது. இதைக் குடுக்கலாம்."

"இப்போ இதையும் முடியாது" என்றாள் சைக்கிள் பட்டறைக் கில்மா. மிச்சக் குழல் 'டக்'கென்று ஈரத்துணியில் விழுந்தது.

அது முன்சக்கரத்தைக் கவ்வும் கவையின் கழுத்து. அதன் மேல்தான் கைப்பிடி உட்காரும். எவ்வளவு உயரத்தில் அறுக்கிறோமோ அவ்வளவு உயரத்தில்தான் ஓட்டுபவளின் முதுகு. அறுத்த கவையை துயித்தாமா நகரத்து சைக்கிள் கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். எல் அலிசோ ஊரார் அடித்துக்கொண்ட சண்டை அந்த ஒரு துண்டோடு முடிந்தது. முடிந்ததாகக் கில்மா நினைத்தாள்.

ஊரே 'டோன்' என்று மரியாதையாக அழைக்கும் எலியேசர் இறைச்சிக் கடைக்காரர். மாதா கோயிலுக்குப் பணம் திரட்ட நடக்கும் பஜாரின் கமிட்டிக்குத் தலைவர். இளவயதில் சைக்கிள் ரேஸ் ஓட்டியவர். 'சுமெர்செ' என்ற மரியாதைச் சொல்லை அவர் இழுத்துச் சொன்னால் உள்ளே சண்டை இருக்கிறது என்று பொருள். அவருடைய வலது ஆள்காட்டி விரல்தான் ஊரின் தராசு. எந்த சைக்கிள் வந்தாலும் அதன் மேல்குழலுக்கு அடியில் விரலைக் கொக்கிபோல் மாட்டித் தூக்குவார், கண்ணை மூடுவார், "நல்ல சைக்கிள்" என்றோ "கழுதை" என்றோ சொல்வார். அதற்கு மேல் முறையீடு கிடையாது. கில்மாவே எத்தனையோ சைக்கிளை அந்த விரலுக்காகத்தான் பூட்டியிருக்கிறாள்.

வருடா வருடம் ஆகஸ்ட் ரேஸில் ஓட்டும், பால் சேகரிக்கும் மிரேயாவுக்குப் புது சைக்கிள் என்று ஊர் முடிவு செய்தபோது பஜாரில் ஒரு கன்றுக்குட்டியைக் குலுக்கலில் விட்டுத்தான் பணம் சேர்த்தார்கள். ஆகவே சீட்டு வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த சைக்கிளில் ஒரு பங்கு சொந்தம். எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: இருப்பதிலேயே லேசானதை வாங்கு. ரேஸ் முடிவது சிற்றாலய மலை உச்சியில். மலைக்கு லேசு, லேசுக்கு விரல்.

கில்மாவுக்கும் அதுதான் கணக்கு, போன ஆகஸ்ட் வரைக்கும். போன ரேஸன்று மலைக்குப் போக ஏறிய பால் லாரி பழுதாகி அவள் செங்கல் சூளைப் பக்கம் மாட்டிக்கொண்டாள். அங்கே வேடிக்கை பார்க்க ஒருவர்கூட வருவதில்லை. ஊரே மலையில் இருக்கும். அங்கேதான் பார்த்தாள். ஆகஸ்ட் காற்று முகத்தில் அறைய, சமவெளியில் குட்டி உருவமாக மிரேயா. சட்டை படபடக்க, முதுகு நிமிர, முன்வரிசைப் பெண்களிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுந்து பின்தங்கிக்கொண்டிருந்தாள். மலையில் அவளைப்போல் ஏறுகிறவள் இல்லை. ஆனால் அவள் அடிவாரத்துக்கு வரும்போதே மற்றவர்கள் பாதி மலை ஏறியிருப்பார்கள். மூன்று வருடமாக அவள் தோற்றது மலையில் அல்ல. தோற்ற இடத்தில் பார்க்க யாரும் நின்றதில்லை, அவ்வளவுதான்.

"லேசு வேண்டாம்னு சொல்லலை" என்று கமிட்டியில் சொன்னாள். "முதல்ல காத்தைக் கிழிக்கணும். அப்புறம் லேசு."

"காத்தைக் கிழிக்க அவ என்ன பருந்தா?" என்றார் டோன் எலியேசர்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் கில்மா கடைக்காரரிடம் கெஞ்சி இரண்டு சைக்கிளை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி வந்தாள். ஒன்று உருண்டைக் குழல், மெல்லிய ரிம், பூப்போல இருந்தது. மற்றதில் குழல்கள் மீன் உடம்புபோல் முன்னே திரண்டு பின்னே ஒடுங்கியிருந்தன, ரிம் ஆழமானது, பிரேக் கம்பி ஒன்றுகூட வெளியே தெரியாது. விரல் தூக்கிப் பார்த்தது. பூவுக்கு, "நல்ல சைக்கிள்." மீனுக்கு, "கழுதை."

கல்லறைச் சரிவின் உச்சியில் மிரேயாவை நிறுத்தினார்கள். மிதிக்கக் கூடாது, உருண்டு இறங்கி, எதிர்காற்றில் தானாக எங்கே நிற்கிறதோ அங்கே சுண்ணாம்புக் கோடு. பூ, மதகுக்கு முன்னாலேயே நின்றது. மீன், மதகைத் தாண்டி, சூளை வாசல் வரை போயிற்று. சூளை நாய் துள்ளி எழுந்து குரைத்தது.

"கனமான கல்லு தூரமா உருளத்தான் செய்யும்" என்றார் டோன் எலியேசர். "இது ஒரு பெருமையா?"

"நியாயம்" என்றாள் கில்மா. "சமமாக்குங்க."

அவரே கடைக்குப் போய்த் தராசைக் கொண்டு வந்தார். இரண்டு சைக்கிளையும் நிறுத்து, வித்தியாசத்துக்குச் சரியாக வெல்லக் கட்டியைக் கத்தியால் வெட்டி மிரேயாவின் முதுகுப் பையில் போட்டார். எடையில் அவர் யாரையும் ஏமாற்றியதில்லை. பூ மறுபடி இறங்கியது. வெல்லத்தோடும் மதகைத்தான் தொட்டது. மாற்றி மாற்றி விட்டுப் பார்த்தார்கள். நாய் மீனுக்கு மட்டும் குரைத்தது.

"நாய்க்கு என்ன குடுத்தீங்க, கொமாத்ரே?" என்றாள் மிரேயா. கில்மா அவள் மகளுக்கு ஞானத்தாய். அந்த உறவில்தான் கூப்பிடுவாள்.

"நாய்க்கு விரல் இல்லை. அதான் உண்மை பேசுது."

டோன் எலியேசர் சிரிக்கவில்லை. "சமவெளி உங்களுது. மலை இன்னும் பேசலை" என்றார். "கன்னுக்குட்டி ஊரோடது. நீங்க சொல்றதையே வாங்குவோம். ஆனா ரேஸ்ல மிரேயா முன்வரிசையோட அடிவாரத்துக்கு வந்து, மலையிலயும் ஜெயிக்கணும். இல்லேன்னா இந்தக் கழுதையும் அடுத்த பஜார்ல குலுக்கலுக்குப் போகும்."

"எனக்குச் சம்மதம்" என்று கில்மாவை முந்திக்கொண்டு சொன்னாள் மிரேயா.

அப்படி வந்த கவையைத்தான், டோன் எலியேசர் மனம் கேட்காமல் வாசலில் வந்து தடுத்தபோதும், கில்மா அறுத்தது. அறுத்த வாயை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி மூடினாள். முதுகைத் தாழ்த்தியாயிற்று, தோளுக்குள் அடங்கும்படி குறுகிய கைப்பிடி போட்டாள். பின்சக்கரத்துக்கு ஆழமான ரிம், முன்சக்கரத்துக்கு ஆழம் குறைந்தது. மதகடியில் பக்கக் காற்று முன்சக்கரத்தைப் பிடித்தால் மிரேயாவின் லேசான எடைக்கு அவளைப் பள்ளத்தில்தான் தேட வேண்டும். அதற்குப் பிறகுதான் கனத்தில் கை வைத்தாள். இருக்கைத் தண்டில் உள்ளே வீணாக இறங்கிய பகுதியை அறுத்தாள். கனத்த இருக்கையைக் கழற்றி, தகடுபோல் ஒன்றைப் பூட்டினாள். ரப்பர் டியூபை எடுத்துவிட்டு வெங்காயத் தோல்போன்ற டியூபைப் போட்டாள். ஒவ்வொரு திருகையும், இறுக்கத்தை அளந்து காட்டும் அளவுச் சாவியால் முறுக்கினாள். கார்பனில் கைத்திறமை காட்டினால் அது விரிசலில்தான் முடியும்.

ரேஸன்று ஊர் மலைக்குப் போயிற்று. கில்மா சூளை வாசலில் நின்றாள், நாய்க்குப் பக்கத்தில்.

கண்ணில் தூசி அடிக்கும் காற்று. முதலில் ரேஸுக்கு வழிகாட்டும் மோட்டார் சைக்கிள் வந்தது. பிறகு நகரத்து அணிகளின் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு சிறு கும்பல். கில்மா எண்ணவில்லை, தேடினாள். சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தியின் பின்சக்கரத்தை ஒட்டி, மேசைப் பலகைபோல் தட்டையான ஒரு முதுகு. சட்டை படபடக்கவில்லை.

நாய் குரைத்தது.

"கொமாத்ரே! குரைச்சிருச்சு!" என்று நிமிராமல் கத்திக்கொண்டே போனாள் மிரேயா.

கில்மா மலைக்குப் போகவில்லை. செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து மலையையே பார்த்தாள். உள்ளூர்க்காரர் ஜெயித்தால் சிற்றாலயத்தில் வாணம் விடுவார்கள். வேறு யாராவது என்றால் வெறும் மணிதான். நேரம் இழுத்தது. மணி அடிக்கத் தொடங்கியதும் அவள் எழுந்து நின்றாள். மணியை மீறி ஒரு வாணம் சீறி மேலே போய் வெடித்தது. அப்புறம் ஒன்று. அப்புறம் திருவிழாவுக்கு வைத்திருந்த எல்லாமே.

மாலையில் சதுக்கத்தில் பீரும் உருளைக்கிழங்கும் ஓடின. கில்மா சைக்கிளைப் பட்டறைக்குள் இழுத்துப் போய், சேறு கழுவி, செயினைத் துடைத்து, வியர்வையில் ஊறிய கைப்பிடி நாடாவைப் பிரித்துப் புது வெள்ளை நாடா சுற்றினாள். சுற்றுக்குச் சுற்று ஒரே அளவு ஏறும்படி, ஓரத்தில் சுருக்கம் விழாமல். வெளியே கொண்டு வந்து டோன் எலியேசரிடம் நீட்டினாள்.

"கமிட்டிதானே மிரேயாவுக்குக் குடுக்கணும்."

அவர் கூட்டத்தைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பழக்க தோஷம், விரலை மேல்குழலுக்கு அடியில் மாட்டித் தூக்கிவிட்டார். தூக்கியதைக் கீழே வைக்க மனமில்லை. அப்படியே ஒற்றை விரலில் சதுக்கத்தைக் கடந்து நடந்தார். பாதி வழியில் விரல் வெளுத்தது, மீசை துடித்தது. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை, கைதட்டினார்கள்.

"எப்படி இருக்கு, சுமெர்செ?" என்று பின்னாலிருந்து கேட்டாள் கில்மா.

"நீங்க பூட்டினப்புறம் பூனை எடைக்கு வந்திருச்சு" என்றார் மூச்சு வாங்க. "ஆனாலும் கழுதைதான். நல்ல கழுதை."

மிரேயாவின் முன்னால் வந்து நின்றார். அவள் தன் முதுகுப் பையிலிருந்து, அன்று சரிவில் அவர் வெட்டிப் போட்ட வெல்லத்தின் மிச்சத்தை எடுத்து அவர் வாயில் வைத்தாள். வாய் நிறைந்ததால் பேச முடியாமல், விரலைச் சைக்கிளிலிருந்து விடுவித்து, புது நாடா சுற்றிய கைப்பிடியை அவள் கைகளுக்குள் வைத்தார்.